தியாகம் மட்டும் போதுமா?

நோயுற்றோருக்குத் தொண்டு செய்வது பணிகளுள் தலையாயது என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. செவிலியரைத் தியாகச் சுடர் என்கிறோம்; அன்பின் வடிவம் என்கிறோம். மே 12-ஆம் நாள் செவிலியர் தினம் வந்துவிட்டால் மேடைதோறும் பாராட்டுரைதான். ஆனால் அந்தச் சுடருக்கு எண்ணெய் ஊற்றுவோர் யார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? எண்ணெய் வற்றிய விளக்கில் திரி கருகத்தான் செய்யும். அதனைத் திரியின் குற்றம் என்று எவரேனும் கூறுவரோ?

தொண்டு செய்வோர் இவ்வாறு உள்ளம் கருகிப் போவதை ஆங்கிலத்தில் ‘பர்ன் அவுட்’ என்பர். தமிழில் பணிச்சோர்வு எனலாம். நியூயார்க் நகரில் இலவச மருத்துவமனை ஒன்றில் பணியாற்றிய ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்னும் உளவியல் அறிஞர் 1974-ல் இதைப் பற்றி எழுதிய பின்னர் இச்சொல் எங்கும் பரவிற்று. உடலும் உள்ளமும் ஓய்ந்து போதல், வேலையின்மீது வெறுப்புத் தோன்றுதல், தம்மால் ஒன்றும் ஆகவில்லை என்று எண்ணுதல் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள் என்று 2019-ல் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. அதோடு இதனை நோய் என்று கூறாமல், சரிவரக் கையாளப்படாத பணி நெருக்கடியின் விளைவு என்றே அது குறித்தது. ஆகவே மருந்து கொடுக்க வேண்டியது செவிலியருக்கு அன்று; அவர் வேலை செய்யும் இடத்திற்கு! சிடுசிடுக்கும் நர்சம்மாவைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே வீடு திரும்பும் நாம், அவர் எத்தனை மணி நேரமாக நின்றுகொண்டிருந்தார் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

நம் பேச்சிப்பாறையையே எடுத்துக்கொள்வோம். 1906-ல் கட்டி முடிக்கப்பட்ட அணை நாஞ்சில் நாட்டு வயல்களுக்கெல்லாம் நீர் வழங்குகிறது. அதே நீர்ப்பரப்புதான் தச்சமலை, தோட்டமலை முதலிய காணிக் குடியிருப்புகளை நம்மிடமிருந்து பிரித்தும் வைத்திருக்கிறது. அங்கே செல்லப் படகேற வேண்டும். படகிறங்கினால் காட்டுப் பாதை. மோதிரமலை, குற்றியாறு, கோதையாறு பக்கமோ வளைந்து செல்லும் மலைச் சாலையும், அதில் எப்போதாவது வரும் பேருந்தும்.

சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசின் அளவுகோல். மலைக்குக் காட்டிய சலுகை நல்லதே. ஆயினும் இந்தக் கணக்கு தலைகளை எண்ணுகிறதே தவிர, தூரத்தை எண்ணவில்லை. படகுக்குக் காத்திருந்த நேரமும் ஏற்றத்தில் நடந்த நேரமும் எந்தப் பதிவேட்டில் ஏறும்? தடுப்பூசி, கர்ப்பிணிகள் கவனிப்பு, பிறந்த குழந்தையைப் பார்த்தல் என்று கிராம சுகாதாரச் செவிலியரின் வேலை நீளமானது. அவற்றைச் செய்து முடித்த பின், செய்ததை ஏட்டிலும் கணினியிலும் எழுதுவது தனி வேலை. பக்கத்து நிலையத்துச் செவிலியர் விடுப்பில் சென்றால் அந்தப் பொறுப்பும் இவர் தலையில் விழும். இப்பளுவைக் குறைக்கக் கோரித் தமிழகத்துக் கிராம சுகாதாரச் செவிலியர் பலமுறை வீதிக்கு வந்து போராடியுள்ளனர். அவர்களைப் பொறுமையற்றவர் என்று கூற எனக்கு மனம் வரவில்லை.

கைவிளக்கேந்திய காரிகையைப் பற்றி நாம் அனைவரும் பாடத்தில் படித்திருக்கிறோம். 1854-ல் ஸ்கூட்டாரி மருத்துவமனையில் விளக்குடன் நடந்த நைட்டிங்கேல் அம்மையாரின் படமே நம் கண்முன் நிற்கிறது. ஆனால் அவர் அங்கே செய்த பெரும்பணி சமையலறையைச் சீர்படுத்தியதும், சலவைக்கு ஏற்பாடு செய்ததும், கணக்கெழுதியதும் ஆகும். அடுத்த ஆண்டு வந்த சுகாதாரக் குழுவினர் சாக்கடையைச் சுத்தம் செய்த பின்னரே இறப்பு பெருமளவு குறைந்தது. விளக்கைப் பாடிய நாம் சாக்கடையை மறந்தோம்!

ஏற்பாட்டை மாற்றினால் பலன் உண்டு என்பதற்கு நம் மாநிலமே சான்று. 2000-க்குப் பின் தமிழக அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியரை நியமித்து, முறைவைத்து இரவும் பகலும் பணியாற்றச் செய்தது. ஒருவர் உறங்கும்போது மற்றொருவர் விழித்திருக்கலாம் என்றானதும், அந்நிலையங்களில் நடைபெறும் பிரசவங்கள் பெருகின. திடீரென்று தியாக உணர்வு மிகுந்துவிட்டதா என்ன? ஆள் வந்தது; முறை வந்தது; அவ்வளவே.

ஆனால் அந்த நன்மையையும் அரைகுறையாகவே செய்தோம். அந்த இடங்களுக்கு வந்த செவிலியர் பலர் ஒப்பந்த ஊழியர். 2017 நவம்பரில் நிரந்தரப் பணியும் நியாயமான ஊதியமும் கேட்டு அவர்கள் சென்னையில் திரண்டனர். கொரோனாக் காலத்தில், 2020-ல், ஒப்பந்தத்தில் சேர்ந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியருக்கு 2022 டிசம்பர் 31-உடன் பணி முடிந்தது என்று ஆணை வந்தது. கைதட்டி விளக்கேற்றிய நாட்டில் இது நடந்தது. நாளை வேலை இருக்குமோ என்று அஞ்சுகிறவர் இன்று நோயாளியிடம் எவ்வாறு முழு மனத்தோடு பேசுவார்?

விதி எழுதினால் மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. பயிற்சி மருத்துவர்களைத் தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது, வாரத்திற்கு 48 மணி நேரமே பணி என்று மத்திய அரசு 1992-லேயே கூறியது. முப்பத்திரண்டு ஆண்டு கழித்து, 2024-ல், தேசிய மருத்துவ ஆணையத்தின் குழுவொன்று வாரத்திற்கு 74 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று பரிந்துரைக்க நேர்ந்தது என்றால், இடையில் அவ்விதி எங்கே கிடந்தது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அருட்சகோதரியர் இவ்விதழைப் படிப்பர் என்பதால் ஒன்று கூறத் தோன்றுகிறது. துறவு மடங்களைவிட அர்ப்பணிப்பை அறிந்த இடம் வேறில்லை. அங்கும் உணவுக்கு ஒரு மணி, உறக்கத்திற்கு ஒரு மணி, ஆண்டுக்கொரு முறை தியானம் என்று ஓய்வையும் விதியாகவே வைத்திருக்கிறார்கள். அர்ப்பணித்தவருக்கும் ஓய்வை அவரவர் விருப்பத்திற்கு விட்டுவிடலாகாது என்பதை அறிந்தவர்களின் ஏற்பாடு அது. அந்த அறிவு மருத்துவமனைகளுக்கும் வேண்டும்.

நம் மாணவியருள் ‘நான் நர்சாவேன்’ என்று கூறாத வகுப்பில்லை. குமரி மாவட்டத்துப் பெண்கள் எங்கெங்கோ சென்று இப்பணி செய்கிறார்கள். பெற்றோர்களே, உங்கள் மகள் ஒரு மருத்துவமனையில் சேரும்போது சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேளாதீர்கள். இரவில் ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள் என்று கேளுங்கள். பயிற்சி மருத்துவமனையில் 3 பேருக்கு ஒருவர், பொது மருத்துவமனையில் 5 பேருக்கு ஒருவர், விடுப்பில் செல்வோரை ஈடுசெய்ய 30 விழுக்காடு கூடுதல் ஆள் என்பது இந்திய செவிலியர் மன்றத்தின் அளவுகோல். அந்த 30 விழுக்காட்டைப் பற்றித் தவறாமல் கேளுங்கள். மகளுக்குக் காய்ச்சல் வந்தால் அவள் இடத்தில் நிற்க யார் இருக்கிறார் என்பது அதில்தான் தெரியும்.