முதலில் கணக்கு, பிறகு செலவு

ஜூலை மாதம் பிறந்ததும் நம் பள்ளிகளில் மரக்கன்று நடும் விழா நடைபெறும். வாயிலில் பதாகை கட்டப்படும், சிறப்பு விருந்தினர் நீர் ஊற்றுவார், நிழற்படம் எடுக்கப்படும். கன்று நடுதல் நற்செயலே. அதனை இகழ்வது என் நோக்கமன்று. ஆயினும், பள்ளியின் கரிமத் தடத்தைக் குறைப்பதற்கு அவ்விழாவே போதும் எனக் கருதுவது பொருந்தாது. செல்வம் மிகுந்த பள்ளிகளால்தான் அதனைக் குறைக்க இயலும் என்று கூறுவதும் பொருந்தாது.

கரிமத் தடம் என்பது யாது? ஒருவர் அல்லது ஒரு நிறுவனத்தின் செயல்களால் நேரடியாகவும் மறைமுகமாகவும் வெளியாகும் கரியமில வாயு முதலிய வெப்ப வாயுக்களின் மொத்த அளவே அது. நம் நாட்டு மின்சாரத்தின் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியை எரித்தே பெறப்படுகிறது. எனவே, நாம் ஒரு யூனிட் மின்சாரத்தைச் செலவிடும்போது ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு எங்கோ ஓர் அனல்மின் நிலையப் புகைபோக்கியின் வழியே வெளியேறுகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோவும், ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோவும் வெளிப்படும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடையே முக்கால் கிலோ அளவில்தானே உள்ளது, அதிலிருந்து 2.3 கிலோ எங்ஙனம் வரும் என்று நீங்கள் கேட்கலாம். எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் கரிமத்தோடு சேர்ந்துகொள்வதே காரணம். உங்கள் அறிவியல் ஆசிரியர் இதனை என்னினும் நன்கு விளக்குவார்.

இனி, நம் வகுப்பறையைக் கணக்கிடுவோம். ஓர் அறையில் 75 வாட் மின்விசிறிகள் நான்கு, 40 வாட் குழல்விளக்குகள் ஆறு எனக் கொள்வோம். விளையாட்டு வேளை, ஆய்வக வேளை, உணவு இடைவேளை, காலை வழிபாடு ஆகியவற்றின்போது அறையில் ஒருவரும் இருப்பதில்லை. அவ்வாறு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் இவை வீணே இயங்குவதாகக் கொண்டால், விளக்குகளால் 200 பள்ளி நாள்களில் 48 யூனிட் வீணாகும். தில்லியில் குளிர்காலத்தில் மின்விசிறி சுழலாதாகையால் அதற்கு 140 நாள்களே கொள்வோம். அது 42 யூனிட். ஆக, ஓர் அறைக்கு 90 யூனிட். நாற்பது அறைகள் கொண்ட பள்ளியில் 3,600 யூனிட். கரியமில வாயுவாகக் கணித்தால் 2,520 கிலோ, அதாவது இரண்டரை டன். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் எனக் கொண்டால் 28,800 ரூபாய். ஒருவருக்கும் ஒளி தராமல், ஒருவர் வியர்வையையும் ஆற்றாமல் போன பணம் இது.

நன்கு வளர்ந்த மரமொன்று ஓராண்டில் ஏறத்தாழ 20 கிலோ கரியமில வாயுவை ஈர்க்கும் என்பது வழக்கமாகக் கூறப்படும் அளவு. இனத்திற்கும் வயதிற்கும் ஏற்ப அது மாறும். அக்கணக்கின்படி, ஆளில்லா அறைகள் வெளிவிடும் இரண்டரை டன்னை ஈர்க்க 126 பெருமரங்கள் வேண்டும். நம் பள்ளி வளாகத்தில் அத்தனை மரங்கள் நின்றால் நமக்கு விளையாடத் திடல் இராது. நேற்று நட்ட கன்று அந்த அளவை எட்டப் பல்லாண்டுகள் ஆகும்.

“கூரையில் சூரியத் தகடு பொருத்திவிட்டால் எல்லாம் தீருமே” என்று சிலர் கூறுவர். அவர்கள் கூற்றில் உண்மை உண்டு. ஒரு கிலோவாட் தகடு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 யூனிட் தரும். முன்பணம் இன்றித் தனியார் நிறுவனமே தகடுகளைப் பொருத்தி, பயன்படுத்தும் யூனிட்டுக்கு மட்டும் பணம் பெறும் முறையும் நாட்டில் நடைமுறையில் உள்ளது. நானும் அதனை வரவேற்கிறேன். ஆனால், மேற்கூறிய 3,600 யூனிட்டைப் பெற இரண்டரை கிலோவாட்டுக்கு மேல் தகடுகள் வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். வெற்று அறைகளில் விசிறி சுழல்வதற்காகவே சில தகடுகளை வாங்குவோமா? முதலில் வீணாவதை நிறுத்துக. எஞ்சியதற்குத் தகடு வாங்குக என்பதே என் கட்சி.

மின்விசிறியிலும் இவ்வொழுங்கு வேண்டும். பி.எல்.டி.சி. எனப்படும் புதுவகை விசிறிக்கு 30 வாட் அளவே போதும். எனவே பழையவற்றை எல்லாம் ஒரே நாளில் கழற்றி எறிய வேண்டும் என்று ஆர்வலர் சிலர் வற்புறுத்துகின்றனர். நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாக 140 நாள்கள் சுழலும் விசிறியில் மிஞ்சுவது ஆண்டுக்கு 38 யூனிட். ஏறத்தாழ 300 ரூபாய். புதிய விசிறியின் விலை 3,000 ரூபாய் என்றால் போட்ட பணம் திரும்பப் பத்தாண்டுகள் ஆகும். பழுதடைந்து மாற்ற வேண்டிய இடத்தில் மட்டும் புதுவகையை வாங்கினால், சாதாரண விசிறியைவிடக் கூடுதலாகக் கொடுக்கும் தொகை நான்கைந்து ஆண்டுகளில் மீண்டுவிடும். ஓடிக்கொண்டிருக்கும் பொருளைக் குப்பையாக்குவது சிக்கனமும் அன்று. சூழல் காப்பும் அன்று. இதனைப் பொருட்படுத்தாத பள்ளிகள் பெருஞ்செலவு செய்து சிறுபயன் அடைகின்றன.

இவை அனைத்தினும் பெரிய செய்தி பள்ளி வாயிலுக்கு வெளியே உள்ளது. ஐந்து கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஒரு மாணவரை மகிழுந்தில் கொணர்ந்து விட்டு, மாலையில் அழைத்துச் செல்ல அவ்வண்டி நான்கு முறை ஓடுகிறது. ஆக, நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர். நெரிசலில் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் எனக் கொண்டால், 200 நாள்களில் 760 கிலோவுக்கும் மேற்பட்ட கரியமில வாயு வெளியாகிறது. பன்னிரண்டு வகுப்பறைகளில் ஆண்டு முழுதும் வீணாகும் மின்சாரத்தின் கணக்கும், ஒரே ஒரு மாணவர் தனி மகிழுந்தில் வந்து செல்லும் கணக்கும் ஏறத்தாழ ஒன்றே! அப்புகையில் கரியமில வாயு மட்டுமா உள்ளது? நவம்பர் மாதத்தில் காற்று நச்சாகிப் பள்ளிகளை மூட நேர்கிறதே, அதற்குக் காரணமானவற்றுள் வாகனப் புகையும் ஒன்று. வாயிலில் எஞ்சினை அணைக்காமல் நிற்கும் வண்டிகளின் புகையை முதலில் சுவாசிப்பவர் நீங்களே.

ஒரே குடியிருப்பைச் சேர்ந்த மூவர் ஒரு வண்டியில் வரலாம். மெட்ரோவோ பேருந்தோ வாய்ப்புள்ள இடத்தில் உயர்வகுப்பு மாணவர் அவற்றில் வரலாம். ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவர் நடந்தே வரலாம் என்று கூறுவது எளிது. பெற்றோர் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. சாலையைக் கடப்பதே ஆபத்தாக உள்ளது. ஆகவே, வாயிலெதிரே கோடிட்ட கடவைப் பாதையும், காலை மாலை இருவேளையும் போக்குவரத்துக் காவலர் ஒருவரும் வேண்டுமெனப் பள்ளி விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு தாளும் ஒரு கையொப்பமுமே. இதனைச் செய்யாமல் ‘நடந்து வாருங்கள்’ என்று சுவரில் எழுதி வைப்பது நேர்மையாகாது.

ஆலைகளும் அனல்மின் நிலையங்களும் விடும் புகைக்கு முன் நம் பள்ளியின் புகை எம்மாத்திரம் என்று கேட்போரும் உளர். ஆலைகளைத் திருத்துவது அரசின் கடமை. அதனை நாம் வலியுறுத்தவும் வேண்டும். எனினும், தன் மின்கட்டணச் சீட்டைப் படிக்கத் தெரிந்த மாணவரே நாளை ஆலையின் கணக்கையும் படித்துக் கேள்வி எழுப்புவார்.

ஒன்றை மட்டும் திட்டவட்டமாகக் கூற விரும்புகிறேன். மே மாதத்து வெயிலில் மாணவர் அமர்ந்திருக்கும் அறையில் விசிறியை நிறுத்திச் சிக்கனம் செய்யலாகாது. வெப்பத்தில் தவிக்கும் பிள்ளை பாடத்தையும் கல்லாது, பூமியையும் காவாது. வெப்பத்தைக் குறைக்க எளிய வழி ஒன்று உண்டு. மேல்மாடி அறைகள் உலைபோல் கொதிப்பதற்குக் காரணம், கருமை படிந்த மொட்டைமாடித் தளம் வெயிலை விழுங்குவதே. அதன்மீது வெண்சுண்ணாம்பு பூசினால் வெயிலின் பெரும்பகுதி திருப்பி அனுப்பப்படும். அகமதாபாத் நகரம் இவ்வகைக் குளிர்கூரைகளைத் தன் வெப்பத் தடுப்புத் திட்டத்தில் சேர்த்துள்ளது. தெலங்கானா அரசு 2023 ஆம் ஆண்டில் இதற்கெனக் கொள்கையே வகுத்தது. சுண்ணாம்பும் கோந்தும் விலை மலிந்தவை. மழையில் கரைந்துவிடுமாதலால் ஆண்டுதோறும் பூச வேண்டும் என்பது ஒரு குறையே. மாணவர்களே, உங்கள் பள்ளியின் மாடித் தளம் என்ன நிறத்தில் உள்ளது என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். கருமையாக இருந்தால் முதல்வருக்கு விண்ணப்பம் எழுதுங்கள். வேலை மார்ச்சு மாதத்திற்குள் முடிய வேண்டுமாகையால், விண்ணப்பம் சனவரியிலேயே அவர் மேசையைச் சென்றடைதல் நன்று.