நூறு வீத வரவுக்குப் பரிசு எதற்கு?

தரம் எட்டில் படிக்கும்போது எனக்கு ஒரேயொரு ஆசை இருந்தது. பரிசளிப்பு விழாவில் மேடையேறி, நூறு வீத வரவுக்கான பரிசை வாங்க வேண்டும். கணிதத்திலோ விஞ்ஞானத்திலோ முதலிடம் பெற எனக்கு வழியில்லை. ஆனால் நாள் தவறாமல் பாடசாலைக்கு வர என்னால் முடியும். மூன்றாம் தவணை வரை அப்படித்தான் வந்தேன்.

ஒக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை உடம்பு கணகணவென்று சுட்டது. உம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இண்டைக்குப் போக வேணாம் மகள்" என்றார். நான் அழுதேன். ஒரு பனடோலை விழுங்கிவிட்டு வேனில் ஏறினேன். முதலாம் பாடம் முடியும்போது காய்ச்சல் விட்டது போலிருந்தது. இடைவேளையில் பக்கத்துக் கதிரைக்காரியின் போத்தலில் தண்ணீர் குடித்தேன். கொப்பி திருத்த டீச்சரின் மேசையோடு ஒட்டி நின்றேன். புதன்கிழமை விடிந்தபோது என் கழுத்திலும் வயிற்றிலும் நீர்க்கொப்புளங்கள். கொப்புளிப்பான்.

பத்து நாட்களில் நான் சுகமாகித் திரும்பினேன். அதற்குப் பின்தான் மற்றவர்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். எங்கள் வகுப்பில் ஏழு கதிரைகள் வெறுமையாகின. தவணைப் பரீட்சைக்குச் சில வாரங்களே இருந்தன. பக்கத்துக் கதிரைக்காரி இரண்டு பாடங்களுக்குத் தோற்றவேயில்லை.

ஆனால் இன்றும் என் நெஞ்சில் குத்துவது வேறொன்று. எங்கள் வகுப்பாசிரியை அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. சிறுவயதில் தனக்குக் கொப்புளிப்பான் வந்ததா என்பது அவருக்கு நினைவில்லை. முன்பு வராதவர்களுக்குக் கர்ப்ப காலத்தில் அது தொற்றினால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்தாகலாம். என் செய்தி கேட்ட அன்றே அவர் வைத்தியரிடம் ஓடியிருக்கிறார். இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை அவர் எப்படி உறங்கினாரோ தெரியாது. முடிவு நல்லதாக வந்தது. பிள்ளையும் நலமாகப் பிறந்தது, அல்ஹம்துலில்லாஹ். டீச்சர் என்னை ஒரு சொல்லும் ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

கொப்புளிப்பான், கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாட்கள் முன்பிருந்தே பரவும். ஆகவே திங்கட்கிழமையே நான் அதைப் பரப்பியிருக்கலாம் என்று சிலர் ஆறுதல் சொன்னார்கள். இருக்கலாம். திங்கட்கிழமை எனக்கு எதுவும் தெரியாது. செவ்வாய்க்கிழமை தெரியும்.

அந்த வருடம் நூறு வீத வரவுப் பரிசை வேறொருத்தி வாங்கினாள். தவணை முழுவதும் இருமிக்கொண்டே வந்தவள் அவள். கைதட்டினோம்.

நான் கேட்பது இதுதான். நோய் வராமல் இருப்பது ஒரு பிள்ளையின் திறமையா? இல்லையென்றால், அதற்கு ஏன் பரிசு கொடுக்கிறோம்? காரணமின்றி வீட்டில் நிற்பவரைத் திருத்தத்தான் அந்தப் பரிசு என்றால், காய்ச்சலில் கிடந்த நாட்களைக் கணக்கில் எடுக்காமல் விடலாமே. உயர்தரப் பரீட்சைக்குக் கேட்கப்படுவதுகூட 80 வீத வரவுதான். ஐந்து நாளில் ஒரு நாள் வராவிட்டாலும் 80 வீதம் வந்துவிடும். நூறு என்பது நாமே உண்டாக்கிக்கொண்ட எண்.

பனடோல் காய்ச்சலைத்தான் குறைக்கும், கிருமியைக் கொல்லாது. சில மணி நேரம் கழித்து வகுப்பறையிலேயே மறுபடி சுடும். மருந்தில்லாமலே ஒரு முழு நாள் காய்ச்சல் வராமல் இருந்த பிறகு பிள்ளையை அனுப்புவதே முறை. கொப்புளிப்பான் என்றால் கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்கு விடும்வரை வீட்டிலிருக்க வேண்டும். வாந்தி, வயிற்றோட்டம் உள்ள பிள்ளையையும் அனுப்பக்கூடாது. காய்ச்சலில்லாத வெறும் தடிமனுக்கு வீட்டில் அடைத்து வைக்கச் சொல்லவில்லை. கைலேஞ்சியைக் கொடுத்து அனுப்புங்கள்.

டெங்கு ஆளுக்கு ஆள் தொற்றாதுதானே என்று ஒரு தாய் என்னிடம் வாதிட்டார். உண்மை. ஆனால் டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. காய்ச்சலோடு வகுப்பிலிருக்கும் பிள்ளையைக் கடித்த நுளம்பு, சில நாட்கள் கழித்து அதே வகுப்பில் இன்னொரு பிள்ளைக்கு அந்த நோயைக் கொடுக்கும். அந்தப் பிள்ளை இருக்க வேண்டிய இடம் நுளம்பு வலைக்குள். அதற்குத் தேவை ஓய்வும், நீராகாரமும், வைத்தியர் சொல்லும் நேரத்தில் இரத்தப் பரிசோதனையும். காலைக்கூட்டத்தில் வெயிலில் நிற்பதல்ல.

நோயுற்ற ஒட்டகங்களை ஆரோக்கியமான ஒட்டகங்களிடம் கொண்டு வர வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்ததை நாம் இஸ்லாம் பாடத்தில் படித்திருக்கிறோம். ஒட்டகத்துக்கே அப்படியென்றால் பிள்ளைகளுக்கு எப்படி?

பெற்றோரை மட்டும் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. நாட்சம்பளத்துக்குப் போகும் உம்மா ஒரு நாள் நின்றால் அன்றைய சம்பளம் இல்லை. முன்பள்ளிப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பார்த்துக்கொள்ள உம்மும்மாவோ சாச்சியோ எல்லா வீட்டிலும் இல்லை. பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் கல்நெஞ்சக்காரர்களல்ல. பிள்ளைக்குச் சுகமில்லை என்று லீவு கேட்டால் முகம் சுளிக்கும் முதலாளிகள் முதலில் மாற வேண்டும். வாப்பாமாரும் ஒரு நாள் வீட்டில் நிற்கலாம்; பிள்ளைக்குக் கஞ்சி கொடுக்க உம்மாவுக்கு மட்டும்தான் தெரியும் என்று எங்கும் எழுதியில்லை.

எங்களால் செய்யக்கூடியதும் உண்டு. வராதவளின் கொப்பியை எழுதிக் கொடுக்க வகுப்பில் இருவரைப் பொறுப்பாக்கலாம். பாடம் தவறிவிடும் என்ற பயம்தான் பாதிப் பேரைக் காய்ச்சலோடு இழுத்து வருகிறது. சுகமாகி வருபவளிடம் முதல் நாளே "ஏன் வரல்ல?" என்று வகுப்பு முன்னால் கேட்காமலும் இருக்கலாம்.

சென்ற தவணை, தரம் மூன்றில் படிக்கும் என் தங்கைக்குக் காய்ச்சல். "எனக்கு ஒரு நாளும் ஆப்சென்ட் இல்ல ராத்தா" என்று சீருடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். வாப்பா அன்று கடையைப் பத்து மணிக்குத்தான் திறந்தார். பிறகு மூத்தம்மா வந்து இருந்தார். மூன்று நாட்களும் அவளுடைய சிநேகிதியின் உம்மா வட்ஸ்அப்பில் பாடங்களை அனுப்பினார்; பின்னேரம் நான் அவற்றைக் கொப்பியில் எழுதினேன். நான்காம் நாள் தங்கை போனாள். என் கையெழுத்து சரியில்லையென்று வந்து முறையிட்டாள்.