“ஹஸ்லர் வாங்கட்டோ, அக்கா?”

கிளிநொச்சியில் ஒரு தங்கை இப்படிக் கேட்டாள். கணவனை இழந்தவள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றியிறக்கி உழைக்க விருப்பம்.

சுசுகி 2014இல் ஜப்பானில் விற்பனைக்கு விட்ட 660 சி.சி. வாகனம் அது. பெற்றோல் செலவு குறைவு. சற்று உயரமாகவும் நிற்கும். ஆனால் சாரதியோடு நான்கு பேருக்கே இடம். மூன்று பிள்ளைகள் தரும் மாதக் காசில் லீசிங் கட்ட ஏலுமா? 2020 மார்ச் முதல் 2025 வரை இறக்குமதி தடைப்பட்டதால் பழையவற்றின் விலையும் ஏறியது.

கராஜ்காரரையும் கூட்டிப்போய் ஒன்றைப் பார்த்தோம். மீற்றரில் 40,000 கிலோமீற்றர்தான். பிரேக் மிதியின் இறப்பரோ வழுவழுவென்று தேய்ந்திருந்தது. சகோதரிகளே, மீற்றரை மட்டும் நம்பாதீர்கள். கியர்ப்பெட்டி எண்ணெய் மாற்றிய பற்றுச்சீட்டும் இல்லை. (அந்தப் பெட்டி பழுதானால் செலவு பெரிது.)

முற்பணத்தை அவள் திரும்பவும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். இப்போது பழைய வான் ஒன்று தேடுகிறோம்.