85 கிலோமீட்டர், 17 வருஷம்

நேத்து சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில ஒரு பெரியவர் மதுரை எய்ம்ஸ் பத்தி ஆரம்பிச்சார். எல்லாரும் வந்து நிக்கிற இடத்துலதான் அவரும் வந்து நின்னார். "இதே சீனாக்காரனா இருந்தா மூணே மாசத்துல முடிச்சிருப்பான் தம்பி. இங்க கண்டவனும் கேஸ் போடறான், கொடி புடிக்கறான். ஜனநாயகந்தான் கேடு."

எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. வயசுல பெரியவர், எதுத்துப் பேச முடியலை. அதான் இங்க வந்து புலம்பறேன்.

சீனா எதுக்குங்க மக்களே? நம்ம சேலம் - கரூர் ரயில் பாதையையே எடுத்துக்குவோம். 1996-97 ரயில்வே பட்ஜெட்டுல ஒப்புதல் ஆச்சு. நாமக்கல்லுக்கு ரயில் வந்தது 2013 மே மாசம். தூரம் வெறும் 85 கிலோமீட்டர். பெரிய வேலைன்னு சொன்னா மோகனூர் பக்கம் காவிரிப் பாலம், அவ்வளவுதான்.

இப்ப கொங்கன் ரயில்வேயைப் பாருங்க. 1990-ல கம்பெனி ஆரம்பிச்சாங்க, 1998 ஜனவரியில முழுப் பாதையும் திறந்தாச்சு. 700 கிலோமீட்டருக்கு மேல, 90-க்கும் அதிகமான சுரங்கம், கொட்டற மழை. கோவாவுல போராட்டம் நடந்து வேலையே நின்னுச்சு. அதே இந்தியா, அதே ஜனநாயகம், அதே கோர்ட்டு. அப்புறம் எப்படி?

ஸ்ரீதரன் பெரிய ஆள்தான், மறுக்கலை. ஆனா அவர் கையில பணம் இருந்துச்சு சார். பட்ஜெட்டை மட்டும் நம்பிக் கிடக்காம, பத்திரம் வித்துக் கடன் திரட்டினாங்க (அந்தக் கடன் பின்னாடி கழுத்தை நெரிச்சது தனிக்கதை). ஒரே ஒரு வேலை, அதுக்குன்னு ஒரே ஒரு அமைப்பு. நம்ம பாதைக்கு? வருஷா வருஷம் பட்ஜெட்டுல கை நீட்டணும். ஒவ்வொரு மந்திரியும் புதுசு புதுசா பாதை அறிவிச்சுட்டுப் போவார், இருக்கற காசை அத்தனைக்கும் பன்னீர் மாதிரி தெளிப்பாங்க. பத்துக் கிணத்தை ஒரே நேரத்துல தோண்ட ஆரம்பிச்சா எதுல தண்ணி வரும்?

எய்ம்ஸ் கதையும் இதேதான். 2015-ல அறிவிப்பு, 2019 ஜனவரியில அடிக்கல். அதைக் கட்டறதுக்கான ஜப்பான் கடன் கையெழுத்தானது 2021 மார்ச்சுல! பணம் வர ரெண்டு வருஷம் முன்னாடியே கல்லு வந்துடுச்சு. இதுல எந்த வக்கீலைக் குத்தம் சொல்ல?

லஞ்சம் இல்லையாங்கறீங்களா? இருக்கு. ஆனா லஞ்சம் வாங்கறவனுக்கும் வேலை நடந்தாத்தானே காசு! நிலப் பிரச்சனையும் நிசம்தான். ஆனா நிலத்துக்கு உண்டான காசை வருஷக்கணக்கா இழுத்தடிச்சா எவன் கேஸ் போடாம இருப்பான்?

காசு ஒதுக்கி உக்காந்தா நடக்கும்ங்கறதுக்கு அத்திக்கடவு - அவிநாசி இருக்கு. பல தலைமுறை கேட்டு ஓஞ்ச திட்டம். 2019 பிப்ரவரியில எடப்பாடியார் அடிக்கல் நாட்டினார், 2024 ஆகஸ்ட்டுல ஸ்டாலின் திறந்து வச்சார். 1,045 குளம், 1,916 கோடி. நடுவுல கொரோனா வந்துச்சு, ஆட்சியே மாறுச்சு. நிக்கலையே!

எங்க பெரியப்பா நாமக்கல்லுல ரயில் ஏறித்தான் பழனிக்குப் போவேன்னு சொல்லிட்டே இருப்பார். 2009-ல போய்ச் சேர்ந்துட்டார். இப்ப பாலக்காடு எக்ஸ்பிரஸ் நாமக்கல்லுல நின்னுதான் பழனிக்குப் போகுது.

டிஸ்கி: டீக்கடைப் பெரியவர் இதைப் படிக்க மாட்டார்ங்கற தைரியத்துலதான் எழுதியிருக்கேன். போட்டுக் குடுத்துடாதீங்க :)