மிளகாய்க்கு எந்த ஊர்?

இராஜராஜ சோழனைப் பற்றி நாடகம் போடுகிறவர்கள் அரண்மனை மடைப்பள்ளியைக் காட்ட நேர்ந்தால், பரிசாரகன் கையில் மிளகாய் வற்றலைத் தயவுசெய்து கொடுக்க வேண்டாம். இராஜராஜன் காலமானது 1014ஆம் ஆண்டில். மிளகாய் பாரத பூமியில் அடியெடுத்து வைத்ததோ அதற்கு ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் கழித்து. தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பிய அந்தச் சக்கரவர்த்தி, தம் ஆயுளில் ஒரு நாளேனும் மிளகாயை நாவில் வைத்தவரல்லர்.

அப்படியானால் நம் முன்னோர் காரத்துக்கு என்ன செய்தனர்? மிளகு இருந்தது, இஞ்சியும் திப்பிலியும் இருந்தன. மிளகுக்குக் ‘கறி’ என்பது பழம்பெயர். மிளகிட்டுச் சமைத்த பதார்த்தமே பின்னர் கறி எனப் பெயர் பெற்றது என்று கருதுவோர் உளர். யவனர் தம் மரக்கலங்களில் பொன்னைக் கொணர்ந்து கொடுத்து, மிளகை ஏற்றிச் சென்ற செய்தி அகநானூற்றில் இருக்கிறது. அதற்கும் வெகு காலம் முன்னே, சுமார் 3,200 ஆண்டுகளுக்கு முன் இறந்த எகிப்து மன்னன் இரண்டாம் ராம்சேஸின் பாடம் செய்யப்பட்ட சடலத்தில், நாசித் துவாரங்களில் மிளகுமணிகளை வைத்திருந்தார்கள். கி.பி. 408இல் ரோமாபுரியை முற்றுகையிட்ட கோத்தியர் தலைவன் அலாரிக், முற்றுகையை நீக்குவதற்குப் பொன், வெள்ளி, பட்டு ஆகியவற்றோடு 3,000 ராத்தல் மிளகும் கேட்டு வாங்கினான். மலையாளக் கரையில் கொடியாய்ப் படரும் ஒரு சிறு மணிக்கு அத்தனை கியாதி!

அந்த மிளகை நாடித்தான் கொலம்பஸும் 1492இல் மேற்குத் திசையாகக் கப்பல் விட்டான். இந்தியாவைச் சேர்ந்துவிட்டதாக எண்ணி அவன் இறங்கிய தீவுகளில் மிளகு இல்லை. மிளகினும் உறைப்பான வேறொரு காய் இருந்தது. ஸ்பானியர் அதற்கு மிளகின் பெயரையே சற்று மாற்றி இட்டனர். அவர்கள் மொழியில் மிளகு ‘பிமியெந்தா’, மிளகாய் ‘பிமியெந்தோ’. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வழி கண்ட பின்னர், போர்த்துக்கீசியர் அக்காயை நம் கரைக்குக் கொண்டுவந்தனர். இங்கே நம்மவர் செய்ததும் அதுவே: மிளகுபோல் உறைக்கும் காய், ஆகவே மிளகாய். ஒருவரையொருவர் கலந்து பேசாமலே இரு கண்டத்தாரும் ஒரே விதமாய்ப் பெயர் சூட்டிய விந்தை இது. ஐரோப்பியர் மிளகாய் தேடி இந்தியா வந்தனர் என்று பரீட்சையில் எழுதும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறோம். பெயரின் ஒற்றுமையைக் கண்டால் அவர்களைக் கோபிக்க மனம் வருவதில்லை.

உண்மையில் இரண்டுக்கும் உறவே இல்லை. மிளகு வெற்றிலைக்கொடியின் இனம். மிளகாய் கத்தரி, தக்காளி, சுண்டை ஆகியவற்றின் குடும்பம். கிளி மிளகாயை ஆனந்தமாய்க் கொறிப்பதைக் குழந்தைகள் அதிசயமாய்ப் பார்ப்பார்கள். மிளகாயின் காரத்தை உணரும் சக்தி பறவைகளின் நரம்புகளுக்கு இல்லை என்பதே காரணம். விலங்குகள் விதையை மென்று நொறுக்கிவிடும். பறவையோ முழுதாய் விழுங்கித் தூரத்தே கொண்டுபோய் விதைக்கும். செடி தனக்கு வேண்டிய விருந்தாளியை நன்றாய்த்தான் தெரிந்தெடுத்திருக்கிறது.

பிற்காலத்தில் வந்த காய்கனிகளில் சில, பெயரிலேயே பூர்வோத்தரத்தைச் சொல்லிவிடுகின்றன. பறங்கிக்காய் பறங்கியர் வழி வந்தது. கொய்யாவும் அன்னாசியும் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்த சொற்கள். அம்மொழிக்கு அவை அமெரிக்க ஆதிக்குடிகளிடமிருந்து கிடைத்தவை. சில பெயர்களோ நம்மை மயக்கிவிடும். சீதாப்பழத்தை வனவாசத்தில் சீதாபிராட்டி உண்டாள் என்பர். தாவர சாஸ்திரிகளோ அதன் தாயகம் அமெரிக்காவின் உஷ்ணப் பிரதேசம் என்று சொல்லுகின்றனர். அழகான பெயர்தான், அதற்காகப் பிராட்டியாரைச் சாட்சிக்கு அழைப்பது முறையன்று.

இதைக் கேட்டுச் சுதேசப் பற்றுடைய அன்பர் எவரும் வருந்த வேண்டியதில்லை. உலர்ந்த மிளகாயை உலகில் அதிகமாய் விளைவிக்கும் தேசம் இன்று நம்முடையதுதான். இராமநாதபுரத்துக் குண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. கரிசலிலும் செம்மண்ணிலும் வேர் விட்டு, நம் உழவர் கையால் பல தலைமுறை வளர்ந்த பயிரை அந்நியம் என்று தள்ளுவாரும் உண்டோ? சங்க காலம் முதல் இருந்தது என்று பொய்ச் சாசனம் எழுதித்தான் அதற்கு இங்கே குடியுரிமை கொடுக்க வேண்டுமா என்பதே நம் கேள்வி.

மிளகாய் வருமுன் இருந்த சமையலைக் காண விரும்புவோர் பழஞ்சுவடிகளைத் தேடி அலையவும் வேண்டாம். பல குடும்பங்களில் சிராத்தத்தன்று சமைக்கும் முறையைக் கவனித்தால் போதும். அன்று உருளைக்கிழங்கு இல்லை, தக்காளி இல்லை, முட்டைக்கோசு இல்லை, மிளகாய் அறவே இல்லை. வாழைக்காய், பாகற்காய், புடலங்காய், அவரைக்காய், சேப்பங்கிழங்கு, பிரண்டைத் துவையல் இவைதாம் உண்டு. பிதிர்களுக்குப் பழக்கமில்லாத பதார்த்தங்களை அவர்களுக்குப் படைப்பதில்லை போலும்! அன்றைக்கு இலையில் காரம் முழுவதும் மிளகினுடையது. அடுத்த முறை அடுக்களையில் பாட்டியாரிடம் கேட்டுப் பாருங்கள். எந்தக் காய் கூடும், எந்தக் காய் கூடாது என்று ஒரு மூச்சில் சொல்லிவிடுவார்கள்.