பிறனும் அடுத்திருப்பவரும்

தாராவியில் ஞாயிறு ஆராதனையோ பூசையோ முடிந்ததும் பிள்ளைகளைத் தனியே உட்காரவைத்து வகுப்பு நடத்துவார்கள். சபைக்குச் சபை பெயர் மாறும். ஒரு இடத்தில் அது ஞாயிறு பள்ளி, இன்னொரு இடத்தில் மறைக்கல்வி. பாடத்திட்டம் எதுவானாலும் இரண்டு கட்டளைகள் தப்பாமல் வந்துவிடும். கடவுளை முழு மனதோடு நேசிக்க வேண்டும். மற்றவரைத் தன்னைப் போலவே நேசிக்க வேண்டும். ஏழு வயதுப் பிள்ளை இவற்றை மூச்சுவிடாமல் ஒப்பித்துவிடும். கைதட்டலும் கிடைக்கும்.

ஒப்பித்த பிள்ளையிடம் அந்த 'மற்றவர்' யார் என்று கேட்டால்தான் சிக்கல். தமிழ் வேதாகமங்களே இதில் ஒரே குரலில் பேசவில்லை. ஹென்றி பவர் தலைமையிலான குழு உருவாக்கி 1871ல் வெளிவந்த மொழிபெயர்ப்பில் அவர் 'பிறன்'. புராட்டஸ்டண்ட் வீடுகளில் இன்றும் புழங்குவது இந்த வழி வந்த பதிப்புதான். 1995ல் வந்த திருவிவிலியத்தில் அவர் 'அடுத்திருப்பவர்'. 'பிறன்' நல்ல பழந்தமிழ்ச் சொல். வள்ளுவர் ஓர் அதிகாரத் தலைப்பிலேயே அதை வைத்திருக்கிறார். ஆனால் அது சுட்டுவது நம்மைச் சேராத யாரோ ஒருவரை. மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல்லின் பொருளோ 'அருகில் இருப்பவர்'.

தாராவிப் பிள்ளைக்கு இதை அகராதி பார்த்து விளக்க வேண்டியதில்லை. இந்தி வேதாகமம் அந்த இடத்தில் 'படோசி' என்கிறது, மராத்தி வேதாகமம் 'ஷேஜாரி' என்கிறது. இரண்டும் அந்தப் பிள்ளை குழாயடியில் தினமும் கேட்கும் சொற்கள். ஒரே சுவரின் இரு பக்கங்களிலும் இரண்டு குடும்பங்கள். அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்தால் இந்தப் பக்கம் எண்ணிக்கை தெரியும். தமிழில் தள்ளி நிற்கும் ஆள், இந்தியிலும் மராத்தியிலும் வாசலுக்கு வந்துவிடுகிறார்.

இந்தப் பாடத்துக்கு எல்லா ஆசிரியர்களும் சொல்லும் கதை நல்ல சமாரியன். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் வழியில் ஒருவனைக் கள்ளர்கள் அடித்துப் போட்டுவிடுகிறார்கள். குருவும் லேவியனும் ஒதுங்கிப் போகிறார்கள். சமாரியன் ஒருவன் நின்று காயம் கட்டுகிறான். பிள்ளைகள் கழுதைக்கு வண்ணம் தீட்டுவதோடு பாடம் முடிகிறது. இதில் ஒரு விஷயம் தொலைந்துபோகிறது. 'சமாரியன்' என்றாலே நல்லவன் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். மருத்துவமனைக்கு வைக்கும் பெயராயிற்றே. முதலில் அந்தக் கதையைக் கேட்ட யூதர்களுக்குச் சமாரியர் என்றால் கொடுக்கல் வாங்கல் இல்லாத கூட்டம். வழிபடும் மலைகூட வேறு. அப்படிப்பட்டவன் வந்து காப்பாற்றினான் என்பதுதான் கதையின் அதிர்ச்சி. அது போய்விட்டால் மிஞ்சுவது முதலுதவிப் பாடம்.

அதிர்ச்சியோடு சொல்ல வேண்டுமானால் சமாரியனுக்கு இங்கே ஒரு பெயர் வைத்தாக வேண்டும். வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் வீட்டில் யாரைப் பற்றித் தாழ்வாகப் பேசுகிறார்களோ அவருடைய பெயர். அங்கேதான் பல ஆசிரியர்கள் கழுதைப் படத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. வகுப்பு முடிந்து அழைத்துப்போக வரும் பெற்றோருக்கு அவர்கள்தானே பதில் சொல்ல வேண்டும்?

தாராவித் தமிழர்களில் பெரும் பகுதியினர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள். அந்தச் சீமையின் வடக்கன்குளத்தில் 1870களில் எழுந்த திருக்குடும்ப ஆலயத்தை ஊரார் 'கால்சட்டைக் கோயில்' என்பார்கள். கால்சட்டையின் இரு கால்கள் போல இரண்டு நீண்ட கூடங்கள், இரண்டும் சேரும் இடத்தில் பீடம். ஒரு கூடத்தில் வெள்ளாளர், மற்றதில் நாடார். பீடம் இரு தரப்புக்கும் தெரியும், ஒருவருக்கொருவர் தெரியாது. முதல் கட்டளைக்குக் குறையில்லை, இரண்டாவதை மட்டும் சுவர் கட்டி மறைத்தாயிற்று. யோவானின் முதல் நிருபம் இந்தப் பாகப்பிரிவினையை ஒப்புக்கொள்வதில்லை. கண்ணில் காணும் சகோதரனை நேசிக்காதவன் காணாத கடவுளை நேசிப்பதாகச் சொன்னால் அது பொய் என்பதே அதன் வாதம். அந்தக் கூடங்களில் வளர்ந்த பிள்ளைகளும் இரண்டு கட்டளைகளையும் படித்திருப்பார்கள். 1910ல் தடுப்பு இடிக்கப்பட்டது. வெள்ளாளத் தரப்பு நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. கல்லறைத் தோட்டத்தில் சாதி பார்க்கும் வழக்கம் தமிழ்நாட்டில் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை.

சுவர்கள் எல்லாம் சபை கட்டியவை அல்ல. 1950ன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி ஆதிதிராவிடர் கிறிஸ்தவரானால் பட்டியல் சாதிச் சலுகை கிடையாது. சீக்கியர் 1956லும் பௌத்தர் 1990லும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர் இல்லை. அதனால் சான்றிதழில் ஒரு மதம், ஞாயிற்றுக்கிழமை இன்னொன்று என்று வாழும் குடும்பங்கள் உண்டு. உண்மை பேசு என்று கற்றுத்தரும் வகுப்பில் அந்த வீட்டுப் பிள்ளையும் உட்கார்ந்திருக்கிறது.

தாராவிக்கு 'அடுத்திருப்பவர்' யார் என்ற கேள்வி 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் கத்தியோடு வந்தது. மும்பைக் கலவரங்களில் 900 பேர் இறந்ததாக ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் கணக்கிட்டது. மசூதிக்கும் பிள்ளையார் கோயிலுக்கும் திருநெல்வேலித் தமிழரே தலைமுறைகளுக்கு முன் அடித்தளம் போட்ட இடம் தாராவி. அங்கும் தீ வைத்தார்கள். பிறகு அங்கே ஒற்றுமைக்காக உழைத்தவர்களில் வகார் கான், பாவ் கோர்டே என்ற இரு நண்பர்கள் முக்கியமானவர்கள். ஒருவர் முஸ்லிம், மற்றவர் இந்து. இந்து, முஸ்லிம், சீக்கியர், கிறிஸ்தவர் உடையில் நான்கு சிறுவர்களை நிறுத்திப் படம் எடுத்து, 'நாம் எல்லோரும் ஒன்று' என்ற பொருளில் இந்தி வாசகம் சேர்த்துச் சுவரொட்டியாக்கினார்கள். செம்பூரை ஒட்டிய தேவ்நாரில் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய அஞ்சலி மொன்டெய்ரோவும் கே.பி. ஜெயசங்கரும் இவர்களைப் பற்றி 2003ல் 'நாத்தா' என்ற ஆவணப்படம் எடுத்தார்கள். சொல்லுக்கு உறவு என்று பொருள்.

வேஷம் போட்ட பிள்ளைகளின் படம் பள்ளி ஆண்டுவிழாக்களில் எத்தனையோ முறை பார்த்தது, அதனால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். படம் மட்டும் என்றால் ஒன்றும் ஆகாது. அதை ஒட்டிய இருவரும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வருவதைத் தெருப் பிள்ளைகள் பார்த்தார்கள். அதற்குத் தனியாகப் பாடப்புத்தகம் தேவைப்படவில்லை.

மாட்டுங்காவில் 1957ல் எழுந்த டான் பாஸ்கோ மாதா ஆலயத்துக்கும் பக்கத்துப் பள்ளிக்கும் பின்னால் உள்ள மனிதர் இதை 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டுகொண்டவர். தூரின் நகரத் தெருச் சிறுவர்களோடு விளையாட்டு மைதானத்தில் இறங்கிய பாதிரியார் ஜான் போஸ்கோ. பிள்ளைகளை நேசித்தால் மட்டும் போதாது, தாங்கள் நேசிக்கப்படுவது அவர்களுக்குத் தெரியவும் வேண்டும் என்று 1884ல் ரோமிலிருந்து தம் சபையாருக்கு எழுதினார். ஆசிரியர்கள் மைதானத்தை விட்டுக் கண்காணிப்பாளர்களாக ஓரம் ஒதுங்கிவிட்டார்கள் என்பதே அவருடைய ஆதங்கம். மனப்பாடப் போட்டிக்குப் பரிசு வாங்கும் செலவில் பாதியைப் பந்துக்கு ஒதுக்கலாம். பந்து போய் விழும் வீட்டில் யார் இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள அது நல்ல சாக்கு.

அந்த வீடு அங்கேயே இருக்குமா என்பது வேறு விஷயம். 2022ல் அதானி குழுமத்துக்குப் போன தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தின்படி, 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே இலவச வீடு. பிறகு வந்தவர்களுக்கும் மாடிக் குடித்தனக்காரர்களுக்கும் தாராவிக்கு வெளியே. ஞாயிறு வகுப்பில் ஒரே பாயில் உட்காரும் இரண்டு பிள்ளைகளில் ஒன்று கீழ்வீடு, ஒன்று ஏணி ஏறிப் போகும் மேல்வீடு. யார் எங்கே போவார்கள் என்ற பேச்சு வீட்டில் நடக்கும்போது இரண்டும் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.