சன்ஷேடு இடிஞ்சா வழக்கு யார் மேல? வீட்டுக்காரரா, பிளான் போட்டவரா? சட்டம் சொல்வது என்ன?

அனுமந்தன்பட்டியில் ஒருவர் 3 சென்ட் இடத்தில் மாடி வீடு கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிளான் போட்டுக் கொடுத்தது கம்பத்தில் இருக்கும் ஒரு ஆபீஸ். குடிபோன இரண்டாவது வருஷம் சன்ஷேடு இடிந்து பக்கத்து வீட்டுக்காரர் மேல் விழுகிறது. வக்கீல் நோட்டீஸ் யாருக்கு வரும்?

பெரும்பாலும் முதலில் வருவது வீட்டு உரிமையாளருக்குத்தான். "பிளான் போட்டவர் பார்த்துக்குவார்" என்று சொல்லி ஒதுங்கிவிட முடியாது.

ஏன் இப்போது இது முக்கியம்?

தமிழக அரசு 2024 ஜூலை 22-ல் சுயசான்றிதழ் திட்டத்தைத் தொடங்கியது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீட்டுக்கு ஆன்லைனில் உடனடியாக அனுமதி கிடைக்கும். அலைச்சல் மிச்சம். ஆனால் விதிப்படி கட்டுவதாக உறுதி கொடுப்பது உரிமையாளர். எனவே அவருடைய பொறுப்பும் கூடுகிறது.

வழக்குச் செலவை யார் தருவது?

உரிமையாளருக்காக ஆர்க்கிடெக்ட் கோர்ட்டுக்கு வந்து வழக்கை நடத்தித் தர வேண்டும் என்று தானாகக் கட்டாயப்படுத்தும் பொதுச் சட்டம் இங்கே இல்லை. எல்லாம் ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

"என் டிசைன் தவறால் நஷ்டம் வந்தால் நான் ஈடு செய்கிறேன்" என்று ஆர்க்கிடெக்ட் எழுதிக் கொடுத்திருந்தால், 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 124, 125-வது பிரிவுகள் கை கொடுக்கும். கோர்ட் கட்டச் சொன்ன நஷ்டஈடு, நியாயமான வழக்குச் செலவு, சமரசமாகக் கொடுத்த தொகை ஆகியவற்றை அவரிடம் கேட்கலாம். எழுதி வாங்கவில்லையா? அப்போது அவர் தவறை நீங்கள்தான் தனியாக நிரூபிக்க வேண்டும்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இந்தச் சண்டை வேறு மாதிரி நடந்தது. அங்கே ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தாலே, தவறு யாருடையது என்று முடிவாகும் முன்பே வழக்குச் செலவை ஏற்க வேண்டிய நிலை இருந்தது. 2018 முதல், ஆர்க்கிடெக்ட், இன்ஜினீயர்களிடம் அவரவர் தவறின் பங்கு அளவுக்குத்தான் அந்தச் செலவைக் கேட்கலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது.

உயிர் போனால்?

அங்கே ஒப்பந்தம் காப்பாற்றாது. 2014 ஜூன் 28-ல் சென்னை மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். கட்டுமான நிறுவன நிர்வாகிகளுடன் இன்ஜினீயர்களும் ஆர்க்கிடெக்டும் கைதானார்கள். இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவின்படி, அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் 5 ஆண்டு வரை சிறை. பணப் பொறுப்பை எழுதி மாற்றலாம். ஜெயில் தண்டனையை மாற்ற முடியாது.

எங்கே புகார் செய்வது?

● சொந்த வீடு: வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் சட்டப்படி சேவைதான். பிரச்னை எழுந்த 2 ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். ஆர்க்கிடெக்ட் மதுரையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் தேனி மாவட்ட ஆணையத்திலேயே கொடுக்கலாம். நீங்கள் கொடுத்த ஃபீஸ் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகார் கட்டணமும் கிடையாது.

● ரெரா பதிவுள்ள அபார்ட்மென்ட்: சாவி வாங்கிய 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் பில்டர் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும்.

● தொழில் ஒழுங்கு மீறல்: ஆர்க்கிடெக்ட் கவுன்சிலில் புகார் செய்யலாம். ஆனால் அவர் அங்கே பதிவு செய்தவராக இருக்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னதில்தான் ஒரு சிக்கல். பதிவு இல்லாதவர் 'ஆர்க்கிடெக்ட்' என்ற பெயரைப் போடக்கூடாதே தவிர, பிளான் போடுவதற்குத் தடை இல்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம்ம ஊர்ப் பக்கம் பல வீடுகளுக்கு பிளான் போடுவது இன்ஜினீயர்கள்தான். அவர்கள் மீது இந்தக் கவுன்சிலில் புகார் எடுபடாது.

அஸ்திவாரம் தோண்டும் முன் எழுதி வாங்க வேண்டியவை:

1. டிசைன் யார் பொறுப்பு, மேற்பார்வை யார் பொறுப்பு?
2. டிசைன் தவறால் வழக்கு வந்தால் நஷ்டஈடும் வக்கீல் செலவும் யாருடையது?
3. அவரிடம் தொழில்முறைக் காப்பீடு இருக்கிறதா?
4. கையெழுத்திட்ட பிளான், கம்பி விவரம் எல்லாம் உங்கள் கையில் ஒரு காப்பி.

இன்னொன்று. பிளானில் இல்லாத மாற்றத்தை மேஸ்திரியிடம் நீங்களே சொல்லிச் செய்தால், வழக்கில் முதல் கேள்வி உங்களிடம்தான் வரும். மாற்றம் வேண்டுமென்றால் பிளான் போட்டவரிடம் கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பிலாவது வாங்கி வையுங்கள்.